குடல், ஈரல் நோய்ப் பிரிவில் பிசிஷியன் அசிஸ்டன்ட் வேலை: யாழ்ப்பாணத்து நேர்சுக்கு வழி இருக்கிறதா?

கரவெட்டிப் பிள்ளை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணக் கம்பஸில் நேர்சிங் பட்டம் முடித்துவிட்டு வடக்கில் ஒரு அரச வைத்தியசாலையில் மெடிக்கல் வாட்டில் வேலை செய்கிறேன். வயது 27. என் வாட்டில் பாதிக் கட்டில் குடல், ஈரல் வருத்தக்காரர்தான். குடியால் ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கட்டி வருபவர்கள், இரத்தமாகச் சத்தி எடுத்து நடுச்சாமத்தில் வருபவர்கள், மாதக்கணக்கில் பாமசியில் நெஞ்செரிவுக்குக் குளிசை வாங்கிப் போட்டுவிட்டுச் சோறு இறங்காமல் போன பிறகு வருபவர்கள். எனக்கு இந்தப் பகுதியில்தான் மனம் நிற்கிறது. இதிலேயே மேலே படித்து, ஆளைச் சோதித்து, மருந்தைத் தீர்மானிக்கிற அளவுக்கு வரவேண்டும் என்று ஆசை.

நியூ ஜேர்சியில் இருக்கிற பெரியம்மா, இங்கே பிசிஷியன் அசிஸ்டன்ட் என்று ஒரு படிப்பு இருக்கு, டொக்டர் மாதிரியே ஆட்களைப் பார்க்கலாம், சம்பளமும் நல்லது, வந்து படி என்கிறா. அவவுக்குத் தெரிந்த ஒரு பிள்ளை குடல்நோய் கிளினிக்கில் அந்த வேலை செய்கிறதாம். அம்மா, கிடைத்த அரசாங்க வேலையை விடாதே என்கிறா. மாமா, சென்னையில் இதே பெயரில் பட்டப்படிப்பு இருக்கு, செலவு குறைவு, அதைச் செய்துவிட்டு அமெரிக்கா போகலாமே என்கிறார். எனக்குத் தலை சுற்றுகிறது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கோ. இந்த வேலையில் நாள் முழுக்க என்ன செய்வார்கள்? எண்டோஸ்கோப்பியை, அதாவது குழாய்க் கமராவை உள்ளே விட்டுக் குடலைப் பார்ப்பதை, அவர்களே செய்வார்களா? இங்கத்தைய நேர்சிங் பட்டத்தோடு போக வழி என்ன? படித்துவிட்டுத் திரும்பி வந்தால் இங்கே அதற்கு வேலை உண்டா? கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். ஒரேயடியாகப் போய்விட எனக்கு விருப்பமில்லை.

---

கொக்குவிலான் எழுதியது:

தங்கச்சி, நான் அமெரிக்காவில் குடல், ஈரல் பிரிவில்தான் பிசிஷியன் அசிஸ்டன்டாக இருக்கிறேன். சுருக்கமாகப் பி.ஏ. என்றே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், ஏனென்றால் இதைப் பற்றித் தமிழில் எழுதியவர்கள் மிகக் குறைவு, வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் சம்பளத்தை மட்டும்தான் சொல்கிறார்கள்.

முதலில் எண்டோஸ்கோப்பி. பெரும்பாலான இடங்களில் பி.ஏ. கமரா விடுவதில்லை. அது டொக்டரின் வேலை. டொக்டர் காலை முழுக்க எண்டோஸ்கோப்பி அறையில் நிற்கும்போது கிளினிக்கில் வந்திருக்கிற ஆட்களையும் வாட்டில் கிடக்கிற ஆட்களையும் யார் பார்ப்பது? அந்த இடத்துக்குத்தான் எங்களை எடுக்கிறார்கள். யாருக்குக் கமரா தேவை, யாருக்கு இப்போதைக்குத் தேவையில்லை, யாரை இன்றைக்கே அனுப்பவேண்டும் என்று பிரித்தெடுப்பது எங்கள் கையில்தான் இருக்கும். நெஞ்செரிவு என்று வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மருந்தும் சாப்பாட்டு மாற்றமும் போதும். மற்றவர் நிறை குறைந்திருப்பார், இரத்தச் சோகை இருக்கும், சோறு நெஞ்சில் நிற்கிறது என்பார். அதை அவராகச் சொல்லமாட்டார், நாங்கள்தான் கேட்டு எடுக்கவேண்டும். "இறைச்சி சாப்பிடுவதை ஏன் விட்டீங்கள்?" என்று கேட்டால்தான் "அது இறங்குதில்லை" என்று வரும்.

கிளினிக் நாளில் வருவதெல்லாம் நெஞ்செரிவு, மலச்சிக்கல், ஐ.பி.எஸ். (குடலில் புண் இல்லாமலே வயிறு ஊதி, வலித்து, மலம் மாறுவது), குரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (இரண்டும் குடல் அழற்சி நோய்கள்), கொழுப்பு ஈரல், ஹெப்பட்டைட்டிஸ் பி, சி (ஈரலைத் தாக்கும் வைரசுகள்). வயிற்றுப் புண்ணை உண்டாக்குகிற ஹெச். பைலோரி என்ற கிருமிக்கு 14 நாள் மருந்து கொடுத்தால் வேலை முடிந்ததில்லை. மருந்து முடிந்து குறைந்தது 4 கிழமைக்குப் பிறகு கிருமி போய்விட்டதா என்று திரும்பப் பரிசோதிக்கவேண்டும், அதற்கு முன் 2 கிழமை, அமிலத்தைக் குறைக்கிற ஒமிப்ரசோல் வகைக் குளிசையை நிறுத்தியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். இப்படி ஒருவரைக் கடைசி வரை பின்தொடர்வதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. 45 வயதிலிருந்து எல்லோருக்கும் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை செய்யச் சொல்லி இங்கே 2021இல் பரிந்துரை வந்தது, முன்பு அது 50. அதனால் கொலோனோஸ்கோப்பிக்கு (பெருங்குடலைக் கமராவால் பார்ப்பதற்கு) ஆள் அனுப்புகிற வேலை இன்னும் கூடிவிட்டது. முதல் நாள் என்ன குடிப்பது, எத்தனை மணிக்கு நிறுத்துவது, இன்சுலின் போடுகிறவர் என்ன செய்வது, இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவர் அதை எப்போது விடுவது, இரும்புச் சத்துக் குளிசையைச் சில நாள் முந்தியே நிறுத்துவது, எல்லாம் நாங்கள் சொல்லிக் கொடுக்கவேண்டும். இதை அவசரமாகச் சொல்லி ஆளை அனுப்பினால் குடல் துப்புரவாகாது, கமராவில் ஒன்றும் தெரியாது, அந்த ஆள் முழுப்பாட்டையும் இன்னொருமுறை படவேண்டும்.

வாட்டில் உங்களுக்குத் தெரிந்த அதே ஆட்கள்தான். ஈரல் சுருங்கினவருக்கு வயிற்று நீர் எடுப்பதைப் பல இடங்களில் பி.ஏ. செய்வார். 5 லீற்றருக்கு மேல் எடுத்தால் அல்புமின் என்ற புரதம் ஏற்றவேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒரு விஷயம் மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன். ஈரல் கெட்டு மூளை மந்தமாகாமல் இருக்க லக்டுலோஸ் பாணி கொடுத்து அனுப்புவோம், நாளுக்கு இரண்டு மூன்று தரம் இளக்கமாகப் போகவேண்டும் என்பதே அந்த மருந்தின் நோக்கம். வீட்டுக்காரர், மருந்து குடித்தால் வயிற்றால் போகிறது, ஆள் பலவீனப்படுகிறார் என்று அதை நிறுத்திவிடுவார்கள். பிறகு ஆள் பகலில் தூங்கி இரவில் முழித்திருப்பார், பிள்ளைகளின் பெயர் மாறும், கையை நீட்டச் சொன்னால் கை அடித்துக்கொள்ளும், அப்படியே தூக்கிக்கொண்டு வருவார்கள். எங்கள் தமிழ்க் குடும்பம் ஒன்றில் இதைப் பார்த்திருக்கிறேன். மனைவி நல்லெண்ணத்தில்தான் நிறுத்தினவ. அவவோடு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து, இந்தப் பாணி அழுக்கை வெளியே கொண்டுபோகத்தான் தருகிறோம் அம்மா, இரண்டு தரத்துக்குக் குறைந்தால் கொஞ்சம் கூட்டுங்கோ, நாலு ஐந்து தரம் போனால் கொஞ்சம் குறையுங்கோ, நிறுத்தமட்டும் வேண்டாம் என்று சொன்னபிறகு அதே காரணத்துக்காக அவர் திரும்ப வரவில்லை. இந்த வேலையில் எனக்குப் பிடித்தது இதுதான்.

ஐ.பி.எஸ். காரருக்குக் கொடுக்கிற சாப்பாட்டுப் பட்டியலும் அப்படியே. மெல்பேர்னில் மொனாஷ் பல்கலைக்கழகக்காரர் ஆராய்ந்து செய்த லோ ஃபொட்மாப் முறை அது, குடலில் புளித்து வாயு உண்டாக்குகிற சாப்பாடுகளைக் குறைப்பது. அதில் குறைக்கவேண்டியவை என்று பாண், பாஸ்தா, அப்பிள் போட்டிருக்கும். எங்கள் ஆள் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு நான் இதில் ஒன்றும் சாப்பிடுவதில்லையே, எனக்கு ஏன் வயிறு ஊதுகிறது என்று கேட்பார். வெங்காயம், உள்ளி, பருப்பு, கடலை, பலாப்பழம் என்று எங்கள் குசினிக்கு மாற்றிச் சொன்னால்தான் அவருக்கு விளங்கும். சோறு, இடியப்பம், முட்டை, மீன் பிரச்சினையில்லை என்றதும் முகத்தில் ஒரு நிம்மதி வரும்.

இனி வழி. அமெரிக்காவில் பி.ஏ. ஆக ஒரே கதவுதான்: அங்கீகாரம் பெற்ற அமெரிக்கப் பி.ஏ. கல்லூரியில் படித்து முடிக்கவேண்டும். அதன்பிறகே பான்ஸ் என்ற தேசியப் பரீட்சை எழுதலாம். வெளிநாட்டில் டொக்டராக இருந்தவரும் நேரே எழுதமுடியாது. படிப்பு கிட்டத்தட்ட 27 மாதம், மாஸ்டர்ஸ் தரம், ஒரு வருடம் வகுப்பு, மீதி வைத்தியசாலைகளில் பிரிவு பிரிவாகச் சுற்றுப் பயிற்சி. குடல்நோய்க்கென்று தனிப் பட்டம் இல்லை, பொதுவாகப் படித்துவிட்டு வேலையில் சேர்ந்துதான் அந்தப் பகுதியைப் பழகுவது. முதல் ஆறு மாதம், ஒரு வருடம் டொக்டர் பக்கத்திலேயே நிற்கவேண்டும், அப்படி நிற்கவிடாத கிளினிக்கில் புதிதாகச் சேரவே வேண்டாம். சேர்ந்தபிறகும் 2 வருடத்துக்கு 100 மணித்தியாலத் தொடர்கல்வி காட்டவேண்டும்.

உங்கள் வாட்டு அனுபவம் வீண் போகாது. இந்தத் தொழிலே அப்படித்தான் பிறந்தது. 1965இல் வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகத்தில் டொக்டர் இயூஜின் ஸ்டெட் இதைத் தொடங்கியபோது, கடற்படையில் மருத்துவ உதவியாளராக இருந்து வந்தவர்களைத்தான் எடுத்தார். இன்றைக்கும் கல்லூரிகள் நோயாளியோடு நேரே வேலை செய்த மணித்தியாலங்களைக் கேட்கின்றன, பல இடங்களில் ஆயிரத்துக்கு மேல். அது உங்களிடம் தாராளமாக இருக்கும்.

தடங்கல் வேறு பக்கம். இரசாயனம், நுண்ணுயிரியல், உடற்றொழிலியல், புள்ளிவிபரம் போன்ற பாடங்களை அமெரிக்கக் கல்லூரியிலேயே படித்திருக்கவேண்டும் என்று பல இடங்கள் கேட்கும். மாணவர் விசாவில் வருகிறவர்களை எடுக்காத கல்லூரிகள் நிறைய. கட்டணம் மட்டுமே ஒரு லட்சம் டொலரைத் தாண்டுவது சாதாரணம், அரசாங்கக் கல்விக் கடன் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால்தான். சம்பளம் நல்லதுதான், 2023 மே மாத அரச கணக்கில் பி.ஏ.க்களில் பாதிப்பேர் வருடத்துக்கு 1,30,020 டொலருக்கு மேல் எடுத்தார்கள். ஆனால் அந்தச் சம்பளத்தைப் பார்த்து, கிரீன் கார்ட் இல்லாமல், யாழ்ப்பாணத்தில் காணியை ஈடுவைத்து இந்தப் படிப்புக்கு வரச் சொல்லி நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். பெரியம்மாவிடம் முதலில் கேளுங்கோ, நான் எந்த விசாவில் வருவது என்று.

---

சங்கானைப் பெடியன் எழுதியது:

அக்கா, நான் சென்னையில் அந்தப் பட்டம் படித்தவன், அதனால் மாமாவின் யோசனைக்கு மட்டும் பதில். அதைச் செய்துவிட்டு அமெரிக்கா போகலாம் என்பது சரிவராது. மேலே அண்ணா சொன்னதுதான் காரணம், இந்தியப் பட்டத்தை வைத்துப் பான்ஸ் எழுதமுடியாது.

மற்றபடி படிப்பு மோசமில்லை. இந்தியாவில் இது 1992இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், இதய அறுவை சிகிச்சை நிபுணர் டொக்டர் கே. எம். செரியன் தொடங்கிவைத்தது. இப்போது எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழும் பி.எஸ்சி. பட்டமாக இருக்கிறது, மூன்று வருடப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சியும். 2021இல் வந்த துணைச் சுகாதாரத் தொழில்களுக்கான சட்டத்தில் இந்தத் தொழிலையும் சேர்த்துவிட்டார்கள். பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளில் வேலை கிடைக்கும். குடல்நோய்ப் பிரிவில் நான் நின்றபோது வந்த ஆளிடம் வருத்தத்தின் கதை கேட்டு எழுதுவது, எண்டோஸ்கோப்பிக்கு ஆயத்தம் செய்வது, ரிப்போர்ட் சேர்ப்பது, வீட்டுக்குப் போகிற துண்டு எழுதுவது, டொக்டரோடு ரவுண்ட்ஸ் போவது என்று இருக்கும். தானாக மருந்து எழுதுவதெல்லாம் இல்லை.

நீங்கள் ஏற்கெனவே நேர்சிங் பட்டதாரி. இன்னொரு நாலு வருடத்தை அதே தரத்துப் பட்டத்துக்குக் கொடுத்து, திரும்பி வந்து நின்றால் இலங்கையில் அதற்குப் பதவியே கிடையாது. நான் இப்போது இங்கே ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில் வேறு பெயரில்தான் வேலை செய்கிறேன். ஏ.எல். முடித்துவிட்டு நிற்கிற பிள்ளை கேட்டிருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன், உங்களுக்கு வேண்டாம்.

---

இணுவில் லண்டன் எழுதியது:

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். உங்களுக்கு வேண்டியது குடல், ஈரல் நோயாளிகளோடு இன்னும் பொறுப்பான வேலை, அதோடு ஊருக்குத் திரும்பக்கூடிய வேலை. அதற்கு நேர்சிங்கை விட்டுவிட்டு வெளியே போகத் தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம், நான் இங்கே எண்டோஸ்கோப்பிப் பிரிவில் நேர்ஸ்.

பிரித்தானியாவில் நேர்ஸ்மாரே எண்டோஸ்கோப்பி செய்கிறார்கள். 1990களின் நடுப்பகுதியிலிருந்து இது நடக்கிறது. இப்போது கிளினிக்கல் எண்டோஸ்கோப்பிஸ்ட் என்பார்கள். கஸ்ட்ரோஸ்கோப்பி (இரைப்பைக்குள் கமரா விடுவது), கொலோனோஸ்கோப்பி இரண்டும் பழகி, ஒவ்வொன்றையும் மேற்பார்வையில் செய்து, மதிப்பீடு வாங்கி, எண்டோஸ்கோப்பித் தரத்தைப் பார்க்கிற ஜாக் என்ற அமைப்பின் சான்றிதழ் எடுக்கவேண்டும். எடுத்தவர்கள் தனியாக நோயாளர் லிஸ்ட் முழுவதையும் செய்வார்கள், பொலிப் (குடலில் வளர்கிற சிறு கட்டி) இருந்தால் எடுப்பார்கள், பயொப்ஸி (பரிசோதனைக்குச் சதைத் துண்டு) எடுப்பார்கள். கொக்குவில் அண்ணாவின் இடத்தில் பி.ஏ.க்குக் கிடைக்காத கமரா இங்கே நேர்சின் கையில் இருக்கிறது. கமரா வேண்டாம் என்றால் ஐ.பி.டி. (குரோன்ஸ் போன்ற குடல் அழற்சி நோய்) நேர்ஸ், ஈரல் நேர்ஸ் என்று தனித் தனிப் பதவிகள் இருக்கின்றன. குரோன்ஸ்காரர் வருத்தம் கிளம்பினால் முதலில் ரெலிபோன் எடுப்பது அந்த நேர்சுக்குத்தான். மேற்கொண்டு படித்து மருந்து எழுதும் தகுதியும் எடுக்கலாம்.

இங்கத்தைய பி.ஏ. நிலைமையையும் சொல்லிவிடுகிறேன், யாராவது லண்டனுக்கு வந்து படி என்று சொன்னால் தெரிந்திருக்கவேண்டும். 2024 டிசம்பரில் அவர்களை, டொக்டர்மாரைப் பதிவு செய்கிற அமைப்பான ஜி.எம்.சி.யின் பதிவுக்குள் கொண்டுவந்தார்கள். பிறகு 2025 ஜூலையில் வந்த லெங் அறிக்கை, அவர்கள் என்ன செய்யலாம், யாரை முதலில் பார்க்கக்கூடாது என்று பல கட்டுப்பாடுகளைப் பரிந்துரைத்தது. டொக்டர்மார் சங்கத்தோடு பெரிய இழுபறி. படித்து முடித்த பிள்ளைகள் வேலை தேடித் திண்டாடுவதைப் பார்க்கிறேன், அவர்கள்மேல் ஒரு பிழையும் இல்லை, நன்றாக வேலை செய்கிற பிள்ளைகள். ஆனால் இந்த நேரத்தில் வெளிநாட்டுக் கட்டணம் கட்டி அந்தப் படிப்புக்கு வருவது புத்தியில்லை.

நேர்சாக வருவதற்கு வழி தெளிவானது: ஐஈஎல்ரிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சையில் 7, எழுத்தில் மட்டும் 6.5 போதும், அல்லது ஓஈரி என்ற இன்னொரு ஆங்கிலப் பரீட்சை, அதன்பிறகு கணினிப் பரீட்சை, பிறகு இங்கே வந்து ஒஸ்கி என்ற செய்முறைப் பரீட்சை. பட்டத்தை வைத்துக்கொண்டு பதிவு எடுக்கலாம், திரும்பப் படிக்கத் தேவையில்லை. ஆனால் வந்தவுடன் எண்டோஸ்கோப்பி கிடைக்காது, முதலில் வாட்டுத்தான், ஒன்றிரண்டு வருடம் பொறுக்கவேண்டும்.

இன்னொன்று. இங்கே 50 முதல் 74 வயது வரை எல்லோருக்கும் 2 வருடத்துக்கொருமுறை மலப் பரிசோதனைப் பெட்டி வீட்டுக்கே வரும். எங்கள் ஊர் அம்மாமார் பலர் அதைத் திறக்காமலே அலுமாரிக்குள் வைத்துவிடுவார்கள், அருவருப்பு, வெட்கம். கோயிலில் கண்டால் நான் கேட்பேன், பெட்டி வந்ததா, அனுப்பினீங்களா என்று. தமிழ் தெரிந்த ஒரு ஆள் இந்தத் துறையில் இருப்பதால் வருகிற பயன் அதுதான், உங்களைப் போல மனம் வைத்தவர்கள் வரவேண்டும்.

---

மானிப்பாய் ஐயா எழுதியது:

பிள்ளை, நான் ஆர்.எம்.ஓ.வாக, அதாவது பதிவுபெற்ற வைத்திய உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். நீர் கேட்ட கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன்.

இலங்கையில் பிசிஷியன் அசிஸ்டன்ட் என்ற பதவி இல்லை. அமெரிக்காவில் முதல்தரமாகப் படித்து வந்தாலும் அரச சேவையில் உமக்கு இருக்க ஒரு கதிரை இல்லை, மருந்து எழுத உரிமையும் இல்லை. அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளும்.

ஆனால் டொக்டர் பட்டம் இல்லாமல் முறையாகப் பயிற்சி பெற்று ஆட்களைப் பார்த்தவர்கள் இந்த மண்ணுக்குப் புதியவர்கள் இல்லை. 1847இல் இங்கே வந்த அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன் எங்கள் மானிப்பாயில் ஊர்ப் பெடியன்களுக்கு மருத்துவம் படிப்பித்தார், பிறகு தமிழிலேயே படிப்பித்தார், பாடநூல்களையும் தமிழாக்கினார், 1873இல் நாடு திரும்பும்வரை அதையே செய்தார். அதற்குப் பின் அப்போதிக்கரிமார், அவர்கள் வழியில் எங்களைப் போன்ற ஏ.எம்.ஓ. (உதவி வைத்திய உத்தியோகத்தர்), ஆர்.எம்.ஓ.க்கள். டொக்டர் போகாத டிஸ்பென்சரிகளில் தனியாக நின்றோம். இப்போது அந்தப் படிப்புக்குப் புதிதாக ஆள் எடுப்பதில்லை. டொக்டர்மார் தொகை கூடியது நல்லதுதான், ஆனால் ஒரு ஆளை ஆறுதலாக இருத்திவைத்துக் கதைக்க யாருக்கும் நேரமில்லாமல் போய்விட்டது. கிளினிக் நாளில் விடிய வந்து நம்பர் எடுத்து, மத்தியானம்வரை வாங்கில் இருந்து, இரண்டு நிமிஷம் டொக்டரைக் கண்டு, கொப்பியில் அதே மருந்தை எழுதுவித்துக்கொண்டு போகிறார்கள். டொக்டரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் முன்னால் இன்னும் அறுபது பேர் நிற்கிறார்கள்.

வெற்றிலையோடு புகையிலை போடுகிற கிழவி, சோறு இறங்குதில்லை, கஞ்சிதான் குடிக்கிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கும். பிறகு தண்ணியும் இறங்காமல் வந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது காலம் போய்விடும். செங்கமாரி (மஞ்சட்காமாலை) என்று கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு வீட்டில் கிடப்பார்கள், அது பித்தக் குழாய் அடைப்பா, குடியா, கிருமியா என்று பார்க்க ஒருவரும் இல்லை. இப்படியானவர்களை முன்கூட்டியே கண்டு அனுப்ப ஒரு விளங்கின நேர்ஸ் போதும். பட்டம் எங்கே எடுத்தீர் என்று அந்தக் கிழவி கேட்கப் போவதில்லை.

ஆகையால் என் சொல், நேர்ஸ் பதிவை விடாதையும். அது இங்கேயும் செல்லும், வெளியேயும் செல்லும்.

---

கரவெட்டிப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், நான் சொன்னதைத்தானே அவரும் சொல்கிறார் என்று அவவுக்குச் சந்தோஷம்.

லக்டுலோஸ் கதை எங்கள் வாட்டிலும் அப்படியே நடக்கிறது அண்ணா. வீட்டுக்குத் துண்டு வெட்டும்போது மருந்தின் பெயரையும் நேரத்தையும் மட்டும்தான் சொல்கிறோம். இனி எத்தனை தரம் போகவேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லப்போகிறேன்.

சென்னை யோசனையை விட்டுவிட்டேன். பெரியம்மாவிடம் விசாவைப் பற்றிக் கேட்டேன், அவவுக்கும் சரியாகத் தெரியவில்லை. கனடாவில் அண்ணா இருக்கிறார், ரொறன்ரோவில் பி.ஏ. படிப்பது எப்படி என்று யாருக்காவது தெரியுமா? அதோடு, லண்டன் அக்கா, இங்கே இருந்துகொண்டே எண்டோஸ்கோப்பிப் பக்கம் போக நான் இப்போது என்ன செய்யலாம்?

---

ஸ்காபரோ வல்வை எழுதியது:

கனடாவில் மனிரோபா, ஒன்ராறியோவில் இந்தப் படிப்பு பல வருடமாக இருக்கு, மக்மாஸ்டரில் 2008இல் தொடங்கினது. ஒன்ராறியோவில் 2025 ஏப்ரல் முதல் டொக்டர்மாரைப் பதிவு செய்கிற அதே அமைப்புத்தான் பி.ஏ.க்களையும் பதிவு செய்கிறது. ஆனால் மக்மாஸ்டரில் விண்ணப்பிக்கவே பிரஜாவுரிமை அல்லது நிரந்தர வதிவிடம் (பி.ஆர்.) வேண்டும். அண்ணா இருக்கிறார் என்பதால் மட்டும் ஒன்றும் ஆகாது. பி.ஆர். எடுத்து வந்தபிறகு யோசிக்கலாம், அதற்குக்கூட நேர்சிங் அனுபவம்தான் புள்ளி தரும். என் மச்சாள் நேர்சாக வந்து இப்போது ஒரு குடல்நோய் கிளினிக்கில் நிற்கிறா, பி.ஏ. படிக்கிற எண்ணமே அவவுக்கு இப்போது இல்லை.

---

இணுவில் லண்டன் எழுதியது:

தங்கச்சி, முதலில் உங்கள் மேற்றனிடம் நேரே போய், எண்டோஸ்கோப்பி அறைக்கு மாற்றம் கேளுங்கோ. வாயால் கேட்டுவிட்டு நிற்காமல் கடிதமாகக் கொடுங்கோ. இடம் இல்லை என்றால், லீவு நாளில் வந்து நின்று பார்க்க அனுமதி கேளுங்கோ. அங்கே மூன்று விஷயத்தை நன்றாகப் பழகினால் எந்த நாட்டிலும் உங்களை வரவேற்பார்கள்: மயக்க மருந்து கொடுத்தவரின் மூச்சையும் ஒட்சிசன் அளவையும் கண் எடுக்காமல் பார்ப்பது, கமராவைக் கழுவிக் கிருமி நீக்குவது, பயொப்ஸித் துண்டைச் சரியான போத்தலில் சரியான பெயரோடு போடுவது. கழுவுகிற வேலையைச் சின்ன வேலை என்று தள்ளிவிடாதேங்கோ. கமராவின் உள் குழாய்களை முதலில் பிரஷ் போட்டுத் தேய்க்காமல் மருந்துத் தண்ணீரில் எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் கிருமி போகாது, அடுத்த நோயாளிக்குத்தான் போய்ச் சேரும். அந்த அறையில் முதல் மாதம் அதை மட்டும் செய்தாலும் நல்லது.

அரச வேலையில் இருப்பதால் சம்பளமில்லாத லீவு எவ்வளவு எடுக்கலாம், பொண்ட் (இத்தனை வருடம் வேலை செய்யவேண்டும் என்ற ஒப்பந்தம்) இருக்கிறதா என்று நிர்வாகத்தில் இப்போதே கேட்டு எழுத்தில் வைத்திருங்கோ. இராஜினாமா கடிதம் கடைசி வரை வேண்டாம்.

---

கொக்குவிலான் எழுதியது:

லண்டன் அக்கா சொன்னதோடு நானும் ஒத்துப்போகிறேன். ஒன்று மட்டும் கூட்டிச் சொல்கிறேன். எந்த நாட்டுக்குப் போனாலும், நேர்ஸோ பி.ஏ.யோ, கம்பஸ் பாடப் பெறுபேறுகளை பல்கலைக்கழகமே முத்திரையிட்டு நேரடியாக அனுப்பச் சொல்லுவார்கள், ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணித்தியாலம் என்ற விபரமும் கேட்பார்கள். யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் இருக்கிற கம்பஸின் பரீட்சைப் பிரிவில் இதற்கு நாள் எடுக்கும். ஊரில் நிற்கும்போதே போய் விண்ணப்பித்து, உங்களுக்கென்று சில பிரதிகளும் எடுத்து வைத்திருங்கோ. வாட்டில் வேலை செய்த காலத்துக்கும் பொறுப்புக்குமான கடிதத்தை இப்போது இருக்கிற கொன்சல்டன்ட் மாற்றமாகிப் போகமுன் வாங்கிவிடுங்கோ.

பெரியம்மா கிரீன் கார்டுக்கு ஏதாவது போட்டிருக்கிறா என்றால் அதையும் விசாரித்துவிட்டு இங்கே எழுதுங்கோ, அப்போது பி.ஏ. கல்லூரி எது, முன்பாடங்களை எங்கே மலிவாகப் படிக்கலாம் என்று தனியாகப் பார்ப்போம்.